சரஸ்வதி பூஜை பலகாரமும் லேப் ரிப்போர்ட்டும்

அன்புள்ள பெற்றோருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும்,

வணக்கம். சரஸ்வதி பூஜை நெருங்கிவிட்டது. வழக்கம்போல சுண்டல், வடை, முறுக்கு, பாயசம் எல்லாம் உண்டு. முறுக்கையும் லட்டுவையும் இந்த வருடம் வெளியில் வாங்கலாம் என்று பெற்றோர் குழு யோசித்தது. டர்பனில் பலகாரம் செய்து விற்கும் ஒருவர் விலைப்பட்டியலோடு ஓர் ஆய்வக அறிக்கையையும் அனுப்பியிருந்தார். ‘வேர்க்கடலை: கண்டறியப்படவில்லை’ என்று அதில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு உங்களில் சிலர் கேட்டீர்கள்: லேபே சொல்லிவிட்டது, அப்புறம் ஏன் அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்குத் தனித் தட்டு? நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். தமிழ் வாசிக்கச் சிரமப்படும் வீடுகளில் பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில், அந்தத் தயாரிப்பாளரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கைக்காசு போட்டுப் பரிசோதனை செய்கிற சிறு வியாபாரிகள் குறைவு. அவரை மதிக்கிறேன். அவர் அனுப்பிய தாள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

இந்த வகைச் சோதனைக்குப் பெரும்பாலும் எலைசா என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். முறுக்கை மாவாக அரைத்து, அதில் சிறிதளவை எடைபோட்டு, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் குலுக்குகிறார்கள். புரதம் கரைந்து வருகிறது. அந்தத் திரவத்தை 96 சிறு குழிகள் உள்ள தட்டில் விடுகிறார்கள். குழியின் அடியில் வேர்க்கடலைப் புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள் பூசப்பட்டிருக்கும். பிடிபட்டது எவ்வளவோ அவ்வளவுக்குக் கடைசியில் நிறம் ஏறும். அந்த நிறத்தைக் கருவி அளந்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எண்ணாகத் தருகிறது.

நமக்கு வந்த அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் 2.5 என்று போட்டிருக்கிறது. கிலோவுக்கு 2.5 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதுவார்கள் என்பது அதன் பொருள். துளிகூட இல்லை என்று பொருளல்ல. ஆனாலும் இது நல்ல எண் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு, ஒருவர் ஒரு வேளையில் மொத்தமாக உண்ணும் வேர்க்கடலைப் புரதத்துக்கு 2 மில்லிகிராம் என்ற அளவைப் பரிந்துரைத்தது. அதற்குக் கீழே போனால் அலர்ஜி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எதுவும் ஆகாது. 40 கிராம் முறுக்கில் இந்த வரம்பு முழுதாக இருந்தாலும் 0.1 மில்லிகிராம்தான்.

அப்படியானால் என் கவலை என்ன? சோதித்த முறுக்கும் நம் தட்டுக்கு வரும் முறுக்கும் ஒன்றல்ல. அவர் அனுப்பியது சில மாதத்துக்கு முன் செய்த ஒரே ஒரு மாதிரி. அன்று எண்ணெய் புதிதாக இருந்திருக்கலாம். பூஜைக்கு முந்தின இரவு, ஆர்டர் குவியும்போது, வேர்க்கடலைப் பக்கோடா பொரித்த அதே சட்டியில் முறுக்கையும் பிழியமாட்டார்கள் என்று அந்தத் தாள் சொல்லாது. உடைந்த கடலைத் துண்டு மாவில் சமமாகப் பரவுவதும் இல்லை. பத்துப் பொட்டலத்தில் ஒன்றில் கிடக்கும். லட்டுவை அவர் சோதிக்கவே இல்லை.

இன்னொன்று, கேட்டதற்கு மட்டும்தான் லேப் பதில் சொல்லும். வேர்க்கடலைக்கான சோதனைக்கு முந்திரி தெரியாது, எள்ளும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை, தனிச் செலவு. நம் பள்ளியில் முந்திரி ஆகாத பிள்ளையும் உண்டு, எள் ஆகாத பிள்ளையும் உண்டு.

சோதனையும் சில சமயம் தடுமாறும். நன்றாக வெந்த, பொரித்த உணவில் புரதத்தின் வடிவம் மாறிவிடுவதால் எதிர்ப்பொருளுக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். கேக்கில் சேர்த்த முட்டை உள்ளதைவிடக் குறைவாகக் காட்டுவது இதனால்தான். கொரோனா காலத்தில் கேள்விப்பட்ட பிசிஆர் முறையும் உணவுக்கு உண்டு, ஆனால் அது தேடுவது டிஎன்ஏவை. முட்டைக்கும் கோழிக்கறிக்கும் டிஎன்ஏ ஒன்றே, எனவே முட்டையைக் கண்டுபிடிக்க அது உதவாது. 2015-இல் பிரிட்டனில் சீரகத்தூளில் பாதாம் இருப்பதாக எலைசா காட்டியது. கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பிறகு அரசு வேதியியலாளரின் ஆய்வகம் ஆழமாகப் பார்த்ததில், ஒரு மாதிரியில் இருந்தது பாதாம் அல்ல, அதே குடும்பத்தைச் சேர்ந்த மஹ்லெப் என்ற காட்டுச் செர்ரியின் விதை என்று தெரிந்தது. ஏறக்குறைய அதே சமயம் அமெரிக்காவில் சீரகத்தூளில் வேர்க்கடலைப் புரதம் கலந்திருந்தது மெய்யாகவே தெரியவந்தது. நாம் தினமும் தாளிக்கிற பொருள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

லேபிளுக்கு வருவோம். நம் தென்னாப்பிரிக்காவின் 2010-ஆம் வருட ஆர்146 என்ற உணவு லேபிள் விதிப்படி முட்டை, பசும்பால், மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, சோயா, கொட்டை வகைகள், கோதுமை போன்ற தானியங்கள் ஆகியவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டும் உண்டு. அமெரிக்கா 2023-இல் எள்ளைச் சேர்த்தது. இங்கே அவை ‘மசாலாப் பொருட்கள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடலாம். பட்டியலில் உள்ளவையும் எப்போதும் ஒழுங்காக எழுதப்படுவதில்லை. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 139 இறைச்சிப் பொருட்களில் கால் பங்குக்கும் மேற்பட்டவற்றில் லேபிளில் சொல்லாத சோயாவோ குளூட்டன் என்ற கோதுமைப் புரதமோ இருந்தது. பிராய்க்கு, அதாவது தணலில் இறைச்சி சுடும் விருந்துக்கு, சாசேஜ் வாங்குகிறவர்கள் மனதில் வையுங்கள்.

வீட்டில் சுண்டல் செய்து கொண்டுவரும் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் ஒரு தனி வேண்டுகோள். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தூள் பெருங்காயம் பலவற்றில் பெருங்காயப் பிசினைவிட மாவுதான் அதிகம். பல பிராண்டுகளில் அது கோதுமை மாவு. கொண்டைக்கடலை, தேங்காய், கடுகு என்று எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு இதை மட்டும் விட்டுவிடுகிறோம். கடையில் அள்ளி நிறுத்துத் தரும் மசாலாவுக்குப் பெரும்பாலும் லேபிளே இருக்காது. அதை அன்றைய சமையலுக்கு மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

சரி, பள்ளி செய்யப்போவது இதுதான். பாயசத்தில் முந்திரி கிடையாது, திராட்சை மட்டும். அலர்ஜி உள்ள பிள்ளைகளின் உணவைக் காலையில் முதல் வேலையாக, கழுவிய தனிப் பாத்திரத்தில் சமைப்போம். விரும்பினால் வீட்டிலிருந்தும் கொடுத்தனுப்பலாம். அந்தப் பிள்ளைகள் தனியாக உட்காரமாட்டார்கள், நண்பர்களோடு அதே பந்தியில்தான் சாப்பிடுவார்கள். வாங்கிய பலகாரம் எதுவானாலும் அதன் அசல் பாக்கெட்டோடு வரட்டும், டப்பாவில் மாற்ற வேண்டாம். முறுக்கை அந்தத் தயாரிப்பாளரிடமே வாங்குகிறோம், மற்றப் பிள்ளைகளுக்கு.

கடும் அலர்ஜிக்கான அட்ரினலின் ஊசி எழுதிக்கொடுக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோர், அதன் காலாவதித் தேதியைப் பார்த்து, பெயர் எழுதிய பையில் போட்டு அலுவலகத்தில் என்னிடமே தாருங்கள். மூச்சுத் திணறலோ தொடர் வாந்தியோ வந்தால் அலர்ஜி சிரப்புக்குக் காத்திருக்கமாட்டோம். ஊசியைப் போட்டு, 10177-க்கோ கைபேசியில் 112-க்கோ அழைத்துவிட்டு, பிறகு உங்களுக்குப் பேசுவோம். இந்த வரிசைக்கு உங்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

படிவம் இத்துடன் இருக்கிறது. பிள்ளைக்கு ஆகாத உணவு எதுவும் இல்லையென்றாலும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, பூஜைக்கு முந்தின வார வகுப்புக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்