வாங்கிப் போட்ட டொமைனையும் பூட்டி வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பெயரையே ஆங்கிலத்தில் சிலர் ஒரு 'என்' போட்டு எழுதுகிறார்கள், சிலர் இரண்டு 'என்' போடுகிறார்கள். மார்த்தாண்டம் தேனுக்கும் மட்டிப் பழத்துக்கும் இதே கதைதான். அதனால் விடுதி, தேன் கடை நடத்துபவர்கள் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் டொமைன் (இணையதள முகவரிப் பெயர்) வாங்கி, ஒன்றில் மட்டும் இணையதளம் வைத்துக்கொள்வது நல்ல யோசனை. டொமைன் வேறு, தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடமான ஹோஸ்டிங் வேறு. இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆனால் சும்மா கிடக்கும் டொமைனை அப்படியே விட்டுவிடுவதுதான் தப்பு.

புதிதாக வாங்கிய டொமைனைத் திறந்தால் பெரும்பாலும் விற்ற நிறுவனத்தின் விளம்பரப் பக்கம் வரும். அதில் உங்கள் போட்டி விடுதியின் விளம்பரமே வரலாம். அந்த வருமானமும் உங்களுக்கு இல்லை. கணக்கில் நுழைந்து அதை நிறுத்துங்கள், அல்லது திறப்பவர் தானாகவே பிரதான தளத்துக்குப் போகும்படி ஃபார்வர்டு செய்யுங்கள். ஃபார்வர்டு வகைகளில் 301 என்ற நிரந்தர வகையே சரி. பிறகு முகவரிக்கு முன் எச்டிடிபிஎஸ் (https://) சேர்த்து ஒரு முறை திறந்து பாருங்கள். இலவச ஃபார்வர்டிங்கில் அதற்கான பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால், வாடிக்கையாளருக்கு 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கைதான் தெரியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஹோஸ்டிங்கை நிறுத்திவிட்டு நேம்சர்வரை (டொமைனைத் தேடுபவருக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்லும் சர்வர்) மாற்றாமல் விடுவது. டொமைன் இன்னும் பழைய ஹோஸ்டிங் நிறுவனத்தையே காட்டிக்கொண்டிருக்கும்; அங்கே உங்கள் கணக்கு இருக்காது. உரிமையைச் சரிபார்க்காத நிறுவனமாக இருந்தால், வேறொருவர் அங்கே கணக்குத் தொடங்கி உங்கள் டொமைனைச் சேர்த்துவிடலாம். உங்கள் கடைப் பெயரில் போலிப் பக்கம் ஓடும், மின்னஞ்சலும் அவருக்குப் போகும். கடவுச்சொல் எதுவும் திருட வேண்டியதில்லை. ஹோஸ்டிங்கை நிறுத்தும் அன்றே நேம்சர்வரை, டொமைன் வாங்கிய நிறுவனத்தின் நேம்சர்வருக்கு மாற்றுங்கள். டொமைனைப் பழைய இடத்துக்கு அனுப்பும் ஏ ரெக்கார்டு, சிநேம் ஆகிய பதிவுகள் எதையும் அங்கே மறுபடி சேர்க்காதீர்கள். டாட் காமில் பழைய நேம்சர்வர் விவரம் 48 மணி நேரம் வரை ஆங்காங்கே நினைவில் தங்கும். அதற்குள் மாறவில்லையே என்று பதற வேண்டாம்.

இணையதளமே இல்லாத டொமைன் பெயரிலும் மோசடி மின்னஞ்சல் அனுப்ப முடியும். அதைத் தடுக்க மூன்று ரெக்கார்டு போதும். அஞ்சல் எந்தச் சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸில் முன்னுரிமை 0, சர்வர் பெயருக்கு வெறும் ஒரு புள்ளி: இங்கே அஞ்சல் பெறுவதில்லை என்று பொருள். டிஎக்ஸ்டி என்ற எழுத்துப் பதிவில் எஸ்பிஎஃப் (இந்தப் பெயரில் அஞ்சல் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களின் பட்டியல்), எந்தச் சர்வரையும் குறிப்பிடாமல் 'மைனஸ் ஆல்' என்று முடிய வேண்டும். அண்டர்ஸ்கோர் டிமார்க் என்ற பெயரில் இன்னொரு டிஎக்ஸ்டி. சோதனையில் தவறும் அஞ்சலை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்வது அது; அதன் பாலிசி 'ரிஜெக்ட்', அதாவது நிராகரி. அந்த டொமைனில் மின்னஞ்சல் பயன்படுத்துகிறவர்கள் இதைச் செய்யக்கூடாது, அவர்களுடைய அஞ்சலே நின்றுவிடும்.

டொமைன் பதிவில் உரிமையாளர் பெயரும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும், தளம் செய்து தந்தவருடையதாக அல்ல. அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கவே கூடாது: டொமைன் காலாவதியானால் அஞ்சலும் நின்றுபோகும், ரினியூவல் நினைவூட்டலும் வந்து சேராது. வாங்கியதும் வரும் சரிபார்ப்பு அஞ்சலை 15 நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் டாட் காம் முடக்கப்படும். காலாவதிக்குப் பிறகு நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் அவகாசம் உண்டு. சில நிறுவனங்கள் அதற்குள்ளேயே ஏலத்தில் விட்டுவிடும். டொமைன் நீக்கப்பட்டால், கூடுதல் கட்டணத்தில் மீட்க 30 நாள். அதுவும் போனால் 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

கன்னியாகுமரியில் விடுதி நடத்துபவர்களுக்கு ரினியூவல் தேதி கார்த்திகை, மார்கழி சீசனில் விழுந்தால் வேலை நெருக்கடியில் மறந்தே போகும். ஆவணியிலேயே கட்டிவிடலாம். முன்னதாகக் கட்டினால் நாள் எதுவும் குறையாது. பழைய முடிவுத் தேதியோடுதான் ஓராண்டு கூடும்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
தக்கலை.