மழை நாளில் பிள்ளைகளை எப்படி அனுப்புவோம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை எந்த நாளும் பிடித்துக்கொள்ளலாம். இனி மார்கழி வரைக்கும் நம் வேதாரண்யம் பக்கத்தில் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள். உப்பளக்காரர்கள் அம்பாரமாகக் குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டார்கள். தென்னை வைத்திருப்பவர்கள் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்குகிறார்கள். பள்ளிக்கூடமும் தயாராக வேண்டும் இல்லையா? அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமானதுதான். வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால், பிள்ளையையே சத்தமாகப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். அவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

முதலில், போன வருடம் நம் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

நவம்பரில் ஒரு நாள். காலையில் நல்ல வெயில். பதினொரு மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்து, ஒரு மணிக்கெல்லாம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. பிற்பகல் விடுமுறை என்று தகவல் வந்ததும் நீண்ட மணி அடிக்கச் சொன்னேன். பிள்ளைகள் ஒரே ஓட்டமாக ஓடினார்கள். கால் மணி நேரத்தில் வளாகம் காலி. எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஒழுகாத அலமாரிக்குப் பதிவேடுகளை மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போது, மேய விட்ட மாட்டைப் பிடிக்கப் போன ஒருவர் ஆறாம் வகுப்புப் பாப்பா ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார். குறுக்குவழியில் போயிருக்கிறாள். வாய்க்கால் மதகுக்கு மேலே தண்ணீர் ஓடியிருக்கிறது. கழன்றுபோன செருப்பைப் பிடிக்கக் குனிந்தவளைத் தண்ணீர் இழுத்துவிட்டது. கரையில் சாய்ந்திருந்த கருவைமரத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறாள். இரண்டு உள்ளங்கையிலும் முள். தோளில் புத்தகப் பை அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது: "டீச்சர், புக்கெல்லாம் நனைஞ்சிருச்சு, திட்டுவீங்களா?"

அவள் அம்மா பக்கத்து ஊரில் களைபறிக்கப் போயிருந்தார். பிள்ளை பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் அவள் தண்ணீரில் கிடந்தாள்.

அந்த மணியை அடிக்கச் சொன்னது என் தவறு. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவைத்தான் இப்போது எழுதுகிறேன்.

மழை நாளில் இடையில் பள்ளி விட்டால், இனி நீண்ட மணி கிடையாது. பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள். வகுப்பாசிரியர் உங்களுக்குப் போன் செய்வார். நீங்களோ, நீங்கள் எழுதிக்கொடுத்த ஆளோ வந்து கையெழுத்துப் போட்டுத்தான் பிள்ளையை அழைத்துப் போக முடியும். "பக்கத்து வீட்டு அண்ணன்தான் டீச்சர்" என்று பிள்ளை சொன்னாலும், தாளில் அந்தப் பெயர் இல்லையென்றால் உங்களுக்குப் போன் போட்டுக் கேட்காமல் அனுப்ப மாட்டோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். நடந்து போகிற பிள்ளைகளைத் தெருவாரியாகச் சேர்த்து, ஒவ்வொரு கூட்டத்தோடும் ஓர் ஆசிரியர் போவார். அதுவும் தார்ச்சாலை வழியாக மட்டும். குறுக்குப் பாதை, வரப்பு, மதகு இதெல்லாம் மழைக்காலம் முடியும்வரை வேண்டாம். டவுன் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளை, பஸ் வந்து நிற்கிறதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெளியே விடுவோம்.

ஓடுகிற தண்ணீரின் ஆழத்தைப் பார்த்து நாம் ஏமாந்துபோகிறோம். அரை அடி ஆழம்தானே என்று தோன்றும். வேகமாக ஓடினால் அந்த அரை அடியே பெரிய ஆளின் காலையே வாரிவிடும். முப்பது கிலோ எடையுள்ள பிள்ளை என்ன செய்யும்? கலங்கிய தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பதும் தெரியாது.

இதோடு சேர்ந்த இன்னொன்று. காற்றும் மழையும் உச்சத்தில் இருக்கும்போது பிள்ளையை அழைக்கப் புறப்படாதீர்கள். மனசு கேட்காது, எனக்குத் தெரியும். நானும் ஒரு தாய். ஆனால் அந்த நேரத்தில் மரம் விழுவது சாலையில், மின்கம்பி அறுவது சாலையில். காரை போட்ட கட்டடத்துக்குள் ஆசிரியர்களோடு இருக்கிற பிள்ளையைப் பாதுகாப்பதற்காக, பெட்ரோல் டேங்கில் ஒன்று, பின்னால் ஒன்று என்று வைத்துக்கொண்டு சாலையில் போவது அவர்களை ஆபத்துக்குள் கொண்டுபோவதுதான். வேகம் குறையட்டும். இருட்டிவிட்டாலும் பரவாயில்லை. கடைசிப் பிள்ளை போகும்வரை நானும் குறைந்தது இரண்டு ஆசிரியர்களும் இருப்போம். சத்துணவுக்கூடத்தில் அரிசியும் பருப்பும் உண்டு. இரவு தங்க வேண்டி வந்தாலும் பட்டினி போட மாட்டோம்.

இனி விடுமுறை பற்றி. "மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சாமே, நாளைக்கு லீவுதானே?" என்று போன் வருகிறது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏற்றுகிற கூண்டு கப்பலுக்கும் படகுக்கும் உரியது. ஒன்றும் இரண்டும் தூரத்தில் எங்கோ புயல் சின்னம் இருக்கிறது என்று சொல்கின்றன. எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கூண்டைப் பார்த்துப் பள்ளி விடுமுறை விடுவதில்லை. விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். சில நாட்களில், உள்ளூர் நிலவரத்தைப் பார்த்துத் தலைமையாசிரியர்களே முடிவெடுக்கலாம் என்று அறிவிப்பு வரும். அப்படி வந்தால் காலை ஆறரை மணிக்குள் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் என் குரலிலேயே பதிவு போடுகிறேன். எழுத்தில் போட்டால் யாரோ மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். போன வருடத்து விடுமுறை அறிவிப்பையே தேதியை வெட்டிவிட்டுச் சுற்றவிட்ட கதையும் நடந்திருக்கிறது. நெட் இல்லாத வீடுகளுக்குக் காரைக்கால் பண்பலையும் உள்ளூர் ஒலிபெருக்கியும் இருக்கின்றன.

வானிலை மையம் சொல்கிற நிறங்களை மட்டும் நினைவில் வையுங்கள். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்க வேண்டும். மழைக்காக விடுகிற சிவப்பு எச்சரிக்கை பெரும்பாலும் ஒரே நாளில் இருபது சென்டிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடும் என்பதைக் குறிக்கும். அறிவிப்பு வரவில்லை, ஆனால் உங்கள் தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது என்றால் பிள்ளையை அனுப்ப வேண்டாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நாளைக் காட்டி யாரையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க மாட்டோம். விட்டுப்போன பாடத்தைச் சனிக்கிழமைகளில் முடித்துவிடலாம்.

புயல் பற்றி நம் ஊருக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. பெரியவர்கள் யாருக்கும் அது மறக்காது. ஆனால் இன்றைக்கு ஆறாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் அப்போது விவரம் தெரியாத சின்னக் குழந்தைகளாக இருந்தவர்கள். அவர்களுக்கு கஜா என்பது பாட்டி சொல்லும் கதை. அதனால் ஒரு விஷயத்தை மட்டும் நீங்களே உட்காரவைத்துச் சொல்லுங்கள். புயலின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, நம் தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். நட்சத்திரம்கூடத் தெரியலாம். முடிந்தது என்று நினைத்து மாட்டைப் பார்க்க, கூரையைப் பார்க்க வெளியே போவார்கள். அதுவரை வடக்கேயிருந்து அடித்த காற்று, கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து திருப்பி அடிக்கும். ஏற்கெனவே ஒருபக்கமாகச் சாய்ந்து வேர் இளகி நிற்கிற மரங்கள் அந்த இரண்டாவது அடியில்தான் விழும். "புயல் கரையைக் கடந்துவிட்டது" என்று அறிவிப்பு வரும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

மின்னலும் இதே அளவுக்கு என்னைக் கவலைப்பட வைக்கிறது. புயலுக்கு நான்கு நாள் முன்னாலேயே அறிவிப்பு வந்துவிடுகிறது. இடிமழை அப்படி இல்லை, சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் திடுதிப்பென்று வரும். சரியாகப் பள்ளி விடுகிற நேரம். உடற்கல்வி ஆசிரியரிடம் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறோம். மின்னல் தெரிந்ததும் விநாடிக்கு ஒன்றாக எண்ண ஆரம்பிக்க வேண்டும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, விளையாட்டு நின்றுவிடும், எல்லாரும் உள்ளே. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனபிறகுதான் மைதானம். அந்த அரை மணி நேரம் பள்ளி விடுகிற நேரத்தில் வந்தால், பிள்ளைகள் வீட்டுக்கு வரத் தாமதமாகும். ஐந்து மணி ஆகியும் காணோமே என்று பதறாதீர்கள். வயலில் இருக்கும்போது இடி கேட்டால் புளியமரத்தடிக்கும் பம்புசெட் கம்பிக்கும் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று ஒரு பயம் ஊரில் இருக்கிறது. அடிக்காது. உடலில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்கி, 108-க்குச் சொல்லுங்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டிப் பழக்கியிருக்கிறோம். கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே சொல்லித் தருவார்கள்.

கட்டடத்தைப் பற்றியும் நீங்கள் கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எந்தச் சுவரையும் நான் சும்மா கடந்து போனதில்லை. நம் பள்ளியில் மேற்குப் பக்க மதில் ஈரத்தில் ஊறி உப்புப் பூத்திருக்கிறது. இடித்துக் கட்ட எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவரை கயிறு கட்டி, பத்தடிக்குள் யாரும் போகாதபடி செய்திருக்கிறோம். சைக்கிள் நிறுத்துமிடத்தையும் அங்கிருந்து மாற்றியாகிவிட்டது. மாடியில் வடிகுழாய்களை அடைத்திருந்த சருகை எடுத்தாயிற்று. வகுப்பறைகளின் மேல் சாய்ந்திருந்த வேப்பமரக் கிளைகளையும் கழித்தாயிற்று. மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். மரம் இருக்கிறது, கிளைதான் போனது.

புயல் வந்தால் பள்ளி முகாமாகிவிடும். அதில் எனக்குச் சந்தோஷம்தான். கஜாவுக்குப் பிறகு ஒன்பதாம் வகுப்பு அறையைத் திறந்தபோது, ஜன்னல் கம்பியில் யாரோ கட்டிய தூளி அவிழ்க்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. கரும்பலகையில் ஒரு சின்னக் கை 'அ' எழுதிப் பழகியிருந்தது. அதை அழிக்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. முகாம் முடிந்ததும் பள்ளி திறக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட வேண்டும், வயரிங் பார்க்க வேண்டும், மேசைக்கடியில் பாம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வேலைகளில் எந்தப் பிள்ளையையும் ஈடுபடுத்த மாட்டோம். பெரியவர்கள் நான்கு பேர் வந்து கைகொடுத்தால் உதவியாக இருக்கும்.

அறுந்து கிடக்கும் கம்பியை, ஊரே இருட்டாக இருந்தாலும், மின்சாரம் பாய்கிற கம்பி என்றே நினையுங்கள். பிள்ளைகள் குச்சியால் தள்ளிப் பார்ப்பார்கள். கிட்டே விடாதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. வேறு அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து நேராக அரசு மருத்துவமனைக்கு.

பத்தாம் வகுப்புப் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் இவற்றைத் தடித்த பாலிதீன் பையில் போட்டு இறுக்கக் கட்டி, வீட்டில் உயரமான இடத்தில் வையுங்கள். புத்தகம் நனைந்தால் கவலை வேண்டாம். நனைந்த புத்தகத்துக்காக நம் பள்ளியில் யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள். அதைப் பிள்ளைகளிடம் நீங்களும் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கடிதத்தின் அடியில் ஒரு துண்டுத்தாள் இருக்கிறது. அதில் மூன்று போன் எண்கள் கேட்டிருக்கிறோம். இரண்டு போதாதா என்று கேட்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பாப்பாவின் அம்மா, அப்பா இருவர் போனுக்கும் மாறி மாறி அடித்தோம். ஒன்று சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது, இன்னொன்று வரப்பில் துணிப்பைக்குள் இருந்தது. கடைசியில் அவள் அப்பாயி இருந்த பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பித்தான் சொன்னோம். மூன்றாவது எண், பகலில் வீட்டில் இருக்கிற ஒருவருடையதாக இருக்கட்டும். அழைத்துப் போக வரக்கூடிய இரண்டு பேரின் பெயர்களையும் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் மாலை நான்கரை மணிக்கு மேல் பள்ளிக்கு வாருங்கள். நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்