கோரிக்கை மனு: அங்கன்வாடி மையங்களில் நீர், மணல் விளையாட்டுக்கு நேரம் ஒதுக்க வேண்டுதல்

அனுப்புநர்:
அங்கன்வாடிக் குழந்தைகளின் பெற்றோர்கள்,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம்,
தரமணி, சென்னை.

பொருள்: முன்பருவக் கல்வியில் நீர், மணல் விளையாட்டைச் சேர்த்துச் சுற்றறிக்கை வெளியிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் மையங்களில் எங்கள் பிள்ளைகள் உணவோடு முன்பருவக் கல்வியும் பெற்று வருகின்றனர். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் பாட்டையும் விளையாட்டையும் கல்வியாகவே ஏற்றுக்கொண்டிருப்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறோம். அதன் தொடர்ச்சியாக, தண்ணீரையும் மணலையும் கையால் அளைந்து ஆடும் விளையாட்டுக்கு வாரத்தில் மூன்று நாட்களாவது அரை மணி நேரம் ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

ஆழாக்கால் தண்ணீர் மொண்டு, இரண்டு ஆழாக்கு கொள்ளும் உழக்கில் ஊற்றும் நான்கு வயதுக் குழந்தையைச் சற்று நேரம் கவனித்தால் எங்கள் கோரிக்கையின் நியாயம் விளங்கும். முதல் முறை ஊற்றியதும் உழக்கு பாதிதான் நிறைந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கிறது. இரண்டாம் முறை தளும்புகிறது. மூன்றாம் முறை வழிந்து காலை நனைக்கிறது. உடனே எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. யாரும் சொல்லித்தராமலே அளவும் எண்ணிக்கையும் அங்கே கைக்கு வந்துவிடுகின்றன. ஒரே அளவு தண்ணீரை அகன்ற பாத்திரத்திலிருந்து ஒல்லியான உயரக் குவளைக்கு மாற்றினால், ஏறக்குறைய ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் உயரக் குவளையில்தான் அதிகம் என்று சொல்வார்கள் என்பதை சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே எடுத்துக்காட்டினார். அந்தப் பருவத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பலகைக் கணக்கைவிட, ஊற்றியும் மாற்றியும் பார்க்கும் அனுபவமே முதலில் தேவை என்பது எங்கள் உறுதியான கருத்து. 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்விமுறையிலும் நீர் ஊற்றும் பயிற்சிக்கு இடமுண்டு.

நனைந்த துணியைப் பிழியும்போது விரல்களும் மணிக்கட்டும் வலுப்பெறுகின்றன. பின்னாளில் பென்சில் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தான். ஒரே தொட்டியைச் சுற்றி நிற்கும்போது, "எனக்குக் கொடு", "இது மிதக்குது", "கல்லு முங்கிடுச்சு" என்று பேச்சும் பெருகுகிறது. ஈர மணலைத் தொடவே கூசும் குழந்தைகளும் உண்டு. அவர்களை வற்புறுத்தாமல், முதலில் ஒரு கரண்டியைக் கொடுத்துப் பழக்கினால் போதும்.

இதற்குப் பெரும் செலவு ஏதுமில்லை. அகன்ற பிளாஸ்டிக் தொட்டி, சல்லடை, புனல், கொட்டாங்கச்சி, அளவுப் பாத்திரங்கள், சலித்த மணல் ஆகியவை போதும். உண்மையான தடை வேறு. குழந்தையின் உடை நனைந்தால் பெற்றோர் கோபித்துக்கொள்வார்கள், மேற்பார்வைக்கு வருபவர் தரை ஈரத்தைக் குறையாகக் கருதுவார் என்ற அச்சத்தில், மனமிருந்தும் பணியாளர்கள் தயங்குகின்றனர். அவர்களுக்குத் துணைநிற்க எழுத்துப்பூர்வமான ஆணை ஒன்று வேண்டும். மாற்று உடை கொடுத்தனுப்பும் பொறுப்பைப் பெற்றோராகிய நாங்கள் மனமுவந்து ஏற்கிறோம்.

பாதுகாப்பில் எள்ளளவும் தளர்வு கூடாது. சில அங்குலத் தண்ணீரே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், கணுக்கால் அளவுக்கும் குறைவாகவே நீர் நிரப்பி, பணியாளரோ உதவியாளரோ கைக்கெட்டும் தூரத்தில் இடைவிடாமல் இருக்க வேண்டும். வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய சிறு பொருட்களையும், விழுங்கினால் நீரை உறிஞ்சி வயிற்றில் ஊதிப் பெருகும் சிறு உருண்டைகளான வண்ண நீர்மணிகளையும் அறவே தவிர்க்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில் முட்டையிடுமாதலால், ஆட்டம் முடிந்ததும் தண்ணீரை மையத்துக் காய்கறித் தோட்டத்துக்கு ஊற்றிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வைக்கலாம். தண்ணீரும் வீணாகாது.

ஆகவே, மேற்கண்ட பாதுகாப்பு நெறிகளுடன் இவ்விளையாட்டை வாராந்திரக் கால அட்டவணையில் சேர்க்கவும், இதன்பொருட்டு உடையோ தரையோ நனைவதைப் பணியாளர்மீது குறையாகக் கொள்ளலாகாது என்று தெளிவுபடுத்தவும், தொட்டியும் அளவுப் பாத்திரங்களும் வழங்கவும், பணியாளர்களின் அடுத்த பயிற்சி முகாமில் இதற்கு ஒரு செய்முறை அமர்வு ஒதுக்கவும் தாங்கள் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அங்கன்வாடிக் குழந்தைகளின் பெற்றோர்கள்