மருந்துக்குக் கேட்காத கிருமிகளைச் சரியாகக் கண்டறிய வசதி கோரும் மனு

அனுப்புநர்:
ஆய்வகத் தொழில்நுட்புநர்,
நுண்ணுயிரியல் பிரிவு, அரசு மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை.

பொருள்: கட்டுப்பாட்டுக் கிருமியும் மருந்து டிஸ்க்குகளும் தடையின்றி வழங்கக் கோருதல், சோதனை முடிவுகளை ஆண்டுதோறும் தொகுக்க ஏற்பாடு வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கல்ச்சர் பிளேட்டுகளோடுதான் என் பொழுது போகிறது. சிறுநீர், சீழ், ரத்தம் என்று வரும் சாம்பிள்களில் என்ன கிருமி இருக்கிறது, அது எந்த மருந்துக்குக் கேட்கும், எதற்குக் கேட்காது என்று சொல்வது என் வேலை. நான் எழுதும் ரிப்போர்ட்டை நானே முழுதாக நம்ப முடியாத நிலை வந்ததால் இந்த மனுவை எழுதுகிறேன்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முல்லர் ஹின்டன் அகர் என்ற, கிருமி வளர்க்கும் கூழை ஊற்றிய பிளேட்டில் கிருமியைச் சீராகப் பரப்பி, மருந்து ஏற்றிய சிறு காகித டிஸ்க்குகளை அதன்மேல் வைத்து இன்குபேட்டருக்குள் தள்ளிவிடுவோம். 16 முதல் 18 மணி நேரம் கழித்து எடுத்தால், மருந்து வேலை செய்த இடத்தில் டிஸ்க்கைச் சுற்றித் தெளிவான வட்டம் தெரியும். அதன் விட்டத்தை அளக்கிறோம். ஈ.கோலை என்ற குடல் கிருமிக்கு செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கின் வட்டம் 23 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் கிருமி கேட்கும். 19 அல்லது அதற்குக் கீழே என்றால் கேட்காது. இடையில் இருப்பது மூன்றே மில்லிமீட்டர்.

அந்த மூன்று மில்லிமீட்டரைக் கெடுக்க அதிகம் வேண்டியதில்லை. அகர் 4 மி.மீ. கனம் இருக்க வேண்டும். கனம் கூடினால் வட்டம் சுருங்கும். குறைந்தால் விரியும், எதிர்ப்புள்ள கிருமிகூட சாதுவாகத் தெரியும். டிஸ்க்குகள் குளிரிலும் ஈரம் படாமலும் இல்லாவிட்டால் வீரியம் போய்விடும். அப்புறம் நல்ல மருந்தும் உதவாத மருந்து போலத் தெரியும். இவற்றைக் கண்டுபிடிக்கத்தான், வட்டம் எவ்வளவு வரும் என்று முன்பே தெரிந்த கட்டுப்பாட்டுக் கிருமி. ஏடிசிசி 25922 என்ற ஈ.கோலைக்கு செஃப்ட்ரையாக்சோன் வட்டம் 29 முதல் 35 மி.மீ.க்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் கோளாறு நம்மிடம்.

சென்ற ஆண்டு ஏழு மாதம் எங்களுக்கு அந்தக் கிருமி வரவில்லை. கேட்ட போதெல்லாம் "இண்டென்ட் போட்டிருக்கிறோம்" என்ற பதில்தான். கடைசியில் வந்து சேர்ந்ததும் போட்டுப் பார்த்தேன்: 24 மி.மீ. டிஸ்க் குப்பியை எடுத்துப் பார்த்தால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் நிறம் மாறிக் கிடந்தன. ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் எப்போதோ பிய்ந்திருக்கிறது. அந்த மாதங்களில் "கேட்காது" என்று நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை நம்பி, சாதாரண மருந்திலேயே குணமாகியிருக்க வேண்டிய எத்தனை பேருக்கு மெரோபெனம் ஏறியதோ, தெரியாது. கடைசிக் கட்டத்துக்கு என்று பத்திரப்படுத்த வேண்டிய மருந்து அது.

எனவே கட்டுப்பாட்டுக் கிருமிகள், டிஸ்க்குகள், அகர் ஆகியவற்றை மற்ற கொள்முதலோடு சேர்க்காமல், இருப்பு தீருமுன் வந்து சேரும்படி தனியாக வழங்க உத்தரவிட வேண்டுகிறேன். டிஸ்க்குகளுக்கென்று ஒரு ஃபிரிட்ஜும் வேண்டும். இப்போது இருப்பதில் பாதி இடம் வேறு துறையின் பொருட்களுக்குப் போய்விடுகிறது.

இரண்டாவது கோரிக்கை, பதிவேடு பற்றியது. சாம்பிள் வந்து முடிவு சொல்லக் குறைந்தது இரண்டு நாள் ஆகும். டாக்டர் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. ஏதோ ஒரு மருந்தைத் தொடங்கித்தான் ஆக வேண்டும். எங்கள் மருத்துவமனைக்கு வரும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்றவற்றில் நூற்றுக்கு எத்தனை எந்த மருந்துக்குக் கேட்கிறது என்ற ஆன்டிபயோகிராம் அவர் கையில் இருந்தால், தொடங்குவது குருட்டாம்போக்காக இருக்காது. அதற்கான எண்கள் எல்லாம் எங்கள் நோட்டுகளில் இருக்கின்றன. ஆனால் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. இதற்கென்றே உள்ள ஹூநெட் மென்பொருள் இலவசம். ஒரு கணினியும் பதிவு செய்ய ஓர் ஊழியரும் போதும். ஒரே நோயாளியின் கிருமியைத் திரும்பத் திரும்ப எண்ணாமல் முதலாவதை மட்டும் எடுக்க வேண்டும் என்பது போன்ற விதிகளை அவருக்கு நானே கற்றுக்கொடுக்கிறேன்.

இன்னொன்று. கொலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட மருந்துக்கு டிஸ்க் சோதனை செல்லாது. மருந்தைப் படிப்படியாகக் குறைத்த திரவத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் இந்த வசதி தேவையில்லை. எந்த மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று எழுத்தில் சொன்னால் போதும்.

எதிர்ப்புள்ள கிருமிகளே நேரடிக் காரணமாக 2019இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. தாங்கள் அறியாததல்ல.

நேரில் வரச் சொன்னால் அந்த ஏழு மாதப் பதிவேட்டையும் டிஸ்க் குப்பியையும் எடுத்து வருகிறேன். குப்பியை இன்னும் தூக்கிப் போடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆய்வகத் தொழில்நுட்புநர்.

இணைப்பு: கட்டுப்பாட்டுச் சோதனைப் பதிவேட்டின் நகல்.