வீராணத்தின் நிறத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் தினமும் ஒரு மூலையில் ஏரிகளின் நீர்மட்டம் வருகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், வீராணம். காலையில் பேப்பரைப் பிரித்ததும் நான் முதலில் தேடுவது அதைத்தான். எங்கள் ஊர் வீராணத்தின் கீழ்க்கரையை ஒட்டி இருக்கிறது. மொத்தம் 47.5 அடியில் இன்று எத்தனை அடி, வடவாற்றில் எவ்வளவு வருகிறது, சென்னைக்கு எவ்வளவு போகிறது என்று எல்லாம் அதில் இருக்கும். தண்ணீர் எப்படி இருக்கிறது என்பது மட்டும் இருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம். மதகுப் பக்கம் குளிக்கப் போனவர்கள் கரையேறி வந்து காலைக் காட்டினார்கள். முழங்கால் வரை பச்சைப் பெயின்ட் பூசியது போல ஒட்டியிருந்தது. நான் போய்ப் பார்த்தபோது படித்துறையில் அலை வந்து வந்து ஒதுக்கிய பாசி, தோசை மாவு கெட்டியில், ஒரு சாண் அகலத்துக்குக் கிடந்தது. மண்வாசனையும் அழுகல் வாசனையும் கலந்த ஒரு நெடி. சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் சொன்னோம். பாட்டிலோடு ஆள் வருவதற்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் காற்று திரும்பி, பாசி எங்கேயோ போய்விட்டது. அவர்கள் எடுத்தது தெளிந்த தண்ணீர். முடிவும் நல்லபடியாகவே வந்தது.

அந்த வருத்தத்தில்தான், கல்லூரியில் படிக்கும் என் பேரனின் உதவியோடு ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். 2015-லிருந்து படம் எடுக்கிறது. 2017-இல் இரண்டாவது செயற்கைக்கோளும் சேர்ந்தபின் ஐந்து நாளுக்கு ஒரு முறை நம் தலைக்கு மேல் போகிறது. படத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், நம் கணக்கில் இரண்டரை சென்ட் மனை. பதினைந்து கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கும் எங்கள் ஏரியில் அப்படி எத்தனை லட்சம் மனை!

அந்தப் பங்குனி வாரத்துப் படத்தைத் திறந்தோம். கீழ்க்கரையை ஒட்டிப் பச்சை நாடா ஒன்று நெடுக ஓடியது. அடுத்த படத்தில் அது நடு ஏரிக்கு நகர்ந்திருந்தது. அதற்கடுத்ததில் காணோம். பாட்டில்காரர் வந்த அன்று அது இல்லைதான், ஆனால் அதற்கு முன் இருந்தது. சாட்சி மேலே பத்திரமாக இருக்கிறது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தெளிந்த ஆழமான தண்ணீர் சிவப்பு ஒளியையும் அதற்கு அப்பால் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும். வண்டல் கலந்தால் சிவப்பு திரும்பி வரும். பாசியின் பச்சையம் சிவப்பை உறிஞ்சிவிட்டு, அதற்குச் சற்றுத் தள்ளி 700 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் உள்ள ஒளியைத் திருப்பி அனுப்பும். எந்த நிறம் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தால் வண்டலா பாசியா, கூடுதலா குறைவா என்று சொல்லிவிடலாம். 2020 ஊரடங்கின்போது கேரளத்து வேம்பநாட்டு ஏரியை அமெரிக்காவின் லேண்ட்சாட்-8 செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள், மிதக்கும் துகள்கள் சராசரியாக 16 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள்.

பாசியை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் நடந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ஈரி ஏரியில் பெருகிய நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்து, ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது. காய்ச்சியும் குடிக்காதீர்கள் என்று அங்கே அறிவித்தார்கள். காய்ச்சினால் அந்த நஞ்சு போகாது, தண்ணீர் வற்றி இன்னும் செறிவாகும். என் மகள் சென்னையில் இருக்கிறாள். 2004-லிருந்து எங்கள் ஏரித் தண்ணீர் வடக்குத்து என்ற ஊரில் சுத்திகரிக்கப்பட்டு அங்கே போகிறது. பாசியைப் பற்றிச் சொன்னபோது அவள் சொன்ன பதில், "நாங்க எல்லாத்தையும் காய்ச்சித்தாம்பா குடிக்கிறோம்." எங்கள் ஏரியில் வந்தது அந்த நஞ்சுப் பாசி என்று நான் சொல்லவில்லை. அதைச் சோதனைக்கூடம்தான் சொல்ல முடியும். சோதனைக்கூடத்துக்குச் சரியான நாளில், சரியான இடத்துத் தண்ணீர் போக வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளில் பாசியைச் செயற்கைக்கோள் வழியாகக் கவனித்து, செல்போனிலேயே பார்க்கும்படி காட்டுகிறார்கள்.

செயற்கைக்கோளுக்குத் தெரியாததும் நிறைய உண்டு. கரைந்த உப்பு தெரியாது. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணையையும் அதன் கீழே இருந்த வயல்களையும் பாழாக்கியது சாயக்கழிவில் கரைந்து வந்த உப்புதான். அதை மேலிருந்து நேராக அளக்க முடியாது. சாக்கடைக் கிருமி தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடினால் எதுவுமே தெரியாது. ஒரு ஏக்கர் குட்டையில் கரையும் தண்ணீரும் ஒரே புள்ளிக்குள் குழம்பிவிடும். ஆகவே பாட்டிலும் சோதனைக்கூடமும் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ, ஒரே இடத்தில் மொண்டு வரும் அந்த ஒரு பாட்டிலை எங்கே, என்றைக்கு மொள்ள வேண்டும் என்று படம் சொல்லும், அவ்வளவுதான்.

நம்மிடம் ஆள் இல்லை, அறிவு இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் நாட்டின் ஏரி குளங்களில் நீர் எவ்வளவு பரப்புக்கு நிற்கிறது என்று செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து, புவன் என்ற இணையதளத்தில் போடுகிறது. பரப்பைப் பார்க்கிறவர்கள் நிறத்தையும் பார்க்கலாமே? தமிழ்நாட்டின் நாற்பதாயிரம் ஏரி குளங்களையும் நாளைக்கே செய்யச் சொல்லவில்லை. சென்னை குடிக்கிற ஏரிகளிலிருந்து தொடங்கட்டும்.

உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. நீர்மட்டப் பெட்டியில் இன்னொரு பத்தி சேருங்கள். பாசி, கலங்கல், இரண்டே சொல், ஐந்து நாளுக்கு ஒரு முறை. துறையிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். அச்சில் அந்த இடம் காலியாக வந்தால், அது ஏன் காலியாக இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கத் தொடங்குவார்கள்.

அப்புறம், எங்கள் பக்கத்து மீனவர்களிடமும் பேசிவிட்டேன். சென்டினல் இந்தப் பக்கம் கடப்பது காலை பத்தரை மணி வாக்கில். அந்த நேரத்தில் படகில் போய் நாலு இடத்தில் தண்ணீர் மொண்டு தர அவர்கள் தயார். வாங்கிச் சோதித்துப் படத்தோடு ஒப்பிட ஒரு கல்லூரியோ அலுவலகமோ முன்வந்தால், அடுத்த பங்குனிக்குள் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
வீராணம் கீழ்க்கரை வாசகர்,
காட்டுமன்னார்கோவில் வட்டம்.