லிட்டருக்கு எட்டு என்ற கணக்கு மணலில் செல்லாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியப் பாலைவனப் பயணம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். டல்ஹவுசி ஊற்றின் வெதுவெதுப்பான நீரில் இறங்கிய அந்தக் காலைப் பொழுதைக் கட்டுரையாளர் எழுதியிருந்த விதம், நானே மறுபடி அங்கே போய் வந்ததுபோல் இருந்தது. ஆனால் பழைய லேண்ட் குரூசர் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் தரும், 95 லிட்டர் டேங்கை நிரப்பினால் 760 கிலோமீட்டர் போகலாம் என்று அதில் இருந்த கணக்கை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதை நம்பி யாராவது சிம்சன் பாலைவனத்துக்குள் வண்டியை இறக்கினால் நடுவழியில் நிற்பார்கள்.

நான் அடிலெய்டில் இருக்கிறேன். 1994-ஆம் ஆண்டு லேண்ட் குரூசர் 80 சீரிஸ் வைத்திருக்கிறேன். டர்போ இல்லாத 4.2 லிட்டர் டீசல் இன்ஜின். 2015-இல் வாங்கிய நாளிலிருந்து டீசல் போடும்போதெல்லாம் தூரம், லிட்டர், சாலை, காற்று, ஏற்றியிருந்த சுமை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் வண்டியைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "மைலேஜ் என்ன கொடுக்குது?" அதற்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்ல முடியாது என்பதைத்தான் அந்த நோட்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது.

தார்ச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் என் வண்டி 100 கிலோமீட்டருக்கு 12.3 லிட்டர் குடிக்கிறது. லிட்டருக்கு எட்டு என்று கட்டுரையாளர் சொன்னது ஏறக்குறைய இதுதான். அவர் பொய் எழுதவில்லை. அதே வண்டி, அதே சாலை, 110-இல் போனால் 15.4 ஆகிறது. போர்ட் அகஸ்டாவிலிருந்து கூபர் பீடி சுமார் 540 கிலோமீட்டர். 110-இல் போனால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரலாம். அதற்குக் கொடுக்கும் விலை 17 லிட்டர் டீசல். வேகம் கூடும்போது காற்றின் தடை அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 90-இலிருந்து 110-க்குப் போனால் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பெட்டிபோல் நிமிர்ந்து நிற்கும் இந்தப் பழைய வண்டிகளுக்கு, அதுவும் டாப்பில் கேரியரும் அதன்மேல் மூட்டையும் இருந்தால், இந்தத் தடைதான் டீசலைத் தின்னும் முதல் ஆள். எதிர்க்காற்று வீசும் நாளில் 90-இல் போனாலும் 110-இன் கணக்குத்தான் வரும். அந்தச் சாலையில் கிளெண்டாம்போவை விட்டால் கூபர் பீடி வரை 250 கிலோமீட்டருக்கு ஒரு பங்க்கூட இல்லை. மெதுவாகப் போகிறவர்கள் பின்னால் ரோடு டிரெயின் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும். 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள லாரி அது, நம்மைத் தாண்டிப் போவது எளிதல்ல.

இனி மணலுக்கு வருகிறேன். சிம்சன் பாலைவனத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் மவுண்ட் டேரில் டீசல் போட்டால் அடுத்து கிழக்கு ஓரத்துப் பேர்ட்ஸ்வில்லில்தான். இடையில் நூற்றுக்கணக்கான மணல்மேடுகள். 2016 ஜூலையில் நாங்கள் முதல்முறை கடந்தோம். 100-க்கு 15 லிட்டர் என்று வைத்து, 520 கிலோமீட்டருக்கு 78 லிட்டர் போதும், டேங்க் தாங்கும் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். பலமுறை அந்த வழி போய்வந்த நண்பர் ஒருவர் கேட்கவில்லை. 20 லிட்டர் கேன் ஒன்றைத் தானே நிரப்பி வண்டியில் ஏற்றினார். அதை வழியில் பாப்பெல் கார்னர் என்ற இடத்தில் டேங்கில் ஊற்றினோம். பேர்ட்ஸ்வில்லில் டேங்கை நிரப்பியபோது 89 லிட்டர் பிடித்தது. மொத்தம் 109 லிட்டர், அதாவது 100-க்கு 21. லிட்டருக்கு ஐந்துகூட இல்லை. டேங்கில் மிச்சம் இருந்தது ஆறு லிட்டர். அந்த ஒரு கேன் இல்லாமல் போயிருந்தால் பேர்ட்ஸ்வில்லுக்கு 70 கிலோமீட்டர் முன்னால், பிக் ரெட் என்ற கடைசிப் பெரிய மேட்டுக்கும் மறுபுறத்தில், பிள்ளைகளோடு நின்றிருப்போம்.

ஏன் அவ்வளவு குடித்தது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். பெரும் பங்கு என் தவறுதான். பஞ்சர் பயத்தில் டயரில் 26 பவுண்டு காற்று வைத்திருந்தேன். காற்று கூடுதலாக இருந்தால் டயர் மணலின் மேல் மிதக்காமல் அதை உழுதுகொண்டே போகிறது. ஒரே மேட்டை மூன்று முறை முயன்று ஏறினோம். ஏறாமல் போன முயற்சியும் டீசலைக் குடிக்கத்தான் செய்யும். 2019-இல் 16 பவுண்டுக்கு இறக்கிக்கொண்டு, வேண்டாத சாமான்களை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். அதே தடம், 94 லிட்டர், அதாவது 100-க்கு 18. 15 லிட்டர் மிச்சமானதைவிட, தடத்தைக் குதறாமல் ஏறினோம் என்பதில் எனக்கு நிறைவு அதிகம். பின்னால் வருகிறவர்களுக்கும் அந்த மேடு வேண்டுமே. தார்ச் சாலைக்கு வந்ததும் காற்றை மறுபடி ஏற்ற மறக்கக் கூடாது; தளர்ந்த டயரோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும்.

பாலைவனத்தை எந்தத் திசையில் கடக்கிறோம் என்பதற்கும் கணக்கு உண்டு. அங்கே மேடுகளின் கிழக்குச் சரிவு செங்குத்தானது. மேற்கிலிருந்து கிழக்கே போனால் சாய்வான பக்கம் ஏறி, செங்குத்தான பக்கம் இறங்கலாம். கட்டுரையாளர் இந்த வழியாகத்தான் போனார் என்று படத்திலிருந்து தெரிந்துகொண்டேன். எதிர்த்திசையில் போகிறவர் அவருடைய எண்ணை நம்பினால் இன்னும் கூடுதலாக ஏமாறுவார்.

தூரம் காட்டும் மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். 80 சீரிஸுக்குக் கம்பெனி கொடுத்த 275/70 டயரை மாற்றிப் பலரும் 285/75 போடுகிறார்கள். சுற்றளவு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105 போயிருக்கும். புது டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் முதலில் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கனமான டயர் சிறிது கூடுதலாகக் குடிப்பது உண்மைதான். ஆனால் காட்டும் இழப்பில் ஒரு பகுதி மீட்டரில் மட்டுமே இருக்கிறது. பெட்ரோல் வண்டிக்காரர்கள் சிலர் ஓபல் பெட்ரோலைக் குறை சொல்வதும் கேட்டிருக்கிறேன். பூர்வகுடிச் சிறுவர்கள் பெட்ரோலை முகர்ந்து அழிவதைத் தடுக்க 2005-இல் கொண்டுவந்த எரிபொருள் அது. சாதாரண பெட்ரோலுக்குப் பதிலாக ஓட்டவென்றே உருவாக்கப்பட்டது. உயிர் காக்கும் ஒன்றின் மேல் பழியைப் போடும் முன் தங்கள் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தால் நல்லது.

பழைய வண்டி என்றால் குடிக்கத்தான் செய்யும் என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. ஒருமுறை 100-க்கு ஒன்றரை லிட்டர் திடீரென்று கூடியது. மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார். நீண்ட ஓட்டத்துக்குப் பின் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை வைத்துப் பார்த்தேன். முன் இடது சக்கரம் மட்டும் கொதித்தது. பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. அதைச் சரிசெய்ததும் பழைய கணக்கு திரும்பிவிட்டது. நோட்டில் எண்கள் இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஒன்றரை லிட்டர் என் கண்ணில் பட்டிருக்காது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இதுபோன்ற கட்டுரைகளில் மைலேஜ் எண் வரும்போது எந்த வேகத்தில், எந்தத் தரையில், எவ்வளவு சுமையோடு, டயரில் எத்தனை பவுண்டு காற்றோடு கிடைத்தது என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். பயணத்திலேயே மிக மோசமான நாளின் எண்ணையும் கட்டுரையாளரிடம் கேட்டு வாங்குங்கள். கேன் எத்தனை என்று முடிவு செய்ய வாசகருக்கு அந்த எண்தான் வேண்டும்.

கட்டுரையாளர் அடுத்து மேற்கு ஆஸ்திரேலியாவின் கேனிங் ஸ்டாக் ரூட் என்ற பாலைவனத் தடத்தில் போகப்போவதாக எழுதியிருந்தார். அதனால்தான் இந்தக் கடிதத்தை உடனே அனுப்புகிறேன். விலூனாவில் கிளம்பினால் குனவாரிட்ஜி வரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர், வழியில் ஏராளமான மணல்மேடுகள். அவருடைய எட்டால் வகுத்தால் 125 லிட்டர். காற்றைச் சரியாக இறக்கிக்கொண்டு நாங்கள் எடுத்த 18-ஐ வைத்தால் 180 லிட்டர். கிளம்பும் முன் இந்தக் கடிதத்தை அவரிடம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
அடிலெய்ட்