ரேடாரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

டென்னிஸ் பயிற்சி மையங்களை நடத்துகிறவர்களுக்கும், அங்கே பிள்ளைகளைத் தேர்வு செய்கிற பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் என் மகளை ஒரு மையத்தின் தேர்வுக்கு அழைத்துப் போயிருந்தேன். வயது 12. பத்து சர்வீஸ் போடச் சொன்னார்கள். வலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பந்தின் வேகத்தை அளக்கிற ரேடார் கருவியோடு நின்று, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டார். பத்தாவது முடிந்ததும் நோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பவர் பத்தாதுங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். ஒரு பாயிண்ட்கூட அவள் ஆடவில்லை. எதிரில் யாரையாவது நிறுத்தி நாலு பந்து தட்டவிட்டிருந்தால் அவளுடைய பேக்ஹேண்ட் ஸ்லைஸையாவது பார்த்திருப்பார். சரி, இது பெற்ற மனசு பேசுவது. விடுங்கள்.

வீடு திரும்பும்போது எனக்கு 1980களில் இந்தியாவுக்காக ஆடிய டென்னிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணன் ஞாபகம்தான். அந்த நோட்டில் அவருடைய சர்வீஸுக்கு என்ன எண் விழுந்திருக்கும்? அவர் காலத்து முன்னணி ஆட்டக்காரர்களில் அவ்வளவு மெதுவாக சர்வீஸ் போட்டவர்கள் மிகக் குறைவு. பந்தை ஆட்டத்துக்குள் கொண்டுவரத்தான் அவருக்கு சர்வீஸ். கச்சேரி அதற்கப்புறம்தான்.

அந்த சர்வீஸோடுதான் 1979இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓபன் இரண்டிலும் ஜூனியர் பட்டம் வென்றார். (அப்பா ராமநாதன் கிருஷ்ணன் அதே விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை 1954இலேயே வாங்கியவர். அவருக்கும் சர்வீஸ் பலமில்லை!) 1981இலும் 1987இலும் அமெரிக்க ஓபன் காலிறுதி, 1986இல் விம்பிள்டன் காலிறுதி. 1981 காலிறுதியில் எதிரே நின்றவர் ஜான் மெக்கன்ரோ. முதல் செட் 6-6 என்று சமமாகி, அதைத் தீர்க்க ஆடும் டைபிரேக்கரில் எடுத்தவர் ரமேஷ். கடைசியில் தோற்றார் என்பது வேறு.

எப்படி முடிந்தது? பழைய காட்சிகள் கிடைத்தால் அவருடைய கையை மட்டும் பாருங்கள். மட்டையைப் பின்னால் வெகுதூரம் இழுக்கவே மாட்டார். பந்து தரையில் பட்டு எழும்பும்போதே, உச்சிக்குப் போகவிடாமல் முன்னாலேயே வாங்கிவிடுவார். எதிராளி அடித்த வேகம் அவருடைய மட்டையில் பட்டுத் திரும்பிப் போகும், அவ்வளவுதான். திரும்பிய பந்து தாழ்வாகச் சறுக்கும். ஓடி வந்தவர் முழங்காலை மடக்கிக் குனிந்து எடுப்பதற்குள் அடுத்த பந்து காலியான மூலைக்குப் போயிருக்கும். 1989 ஆஸ்திரேலிய ஓபனில் மாட்ஸ் விலாண்டர் இப்படித்தான் மாட்டினார். அப்போது அவர் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர், முந்தைய ஆண்டின் சாம்பியனும்கூட. இரண்டாவது சுற்றிலேயே, நேர் செட்களில், அதாவது ஒரு செட்கூட எடுக்காமல், வெளியே போனார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையின் 1987 அரையிறுதி. சிட்னியில், ஆஸ்திரேலியாவின் சொந்தப் புல்தரையில் நடந்தது. ஐந்து ஆட்டங்களில் இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது கடைசி ஆட்டம் ரமேஷுடையது. வாலி மாசுரை நேர் செட்களில் வென்று இந்தியாவை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த இறுதிப் போட்டியை எதிரணியான ஸ்வீடன் தன் நாட்டு யோட்டபோரி (கோதன்பர்க்) நகரில் களிமண் தரையில் வைத்துக்கொண்டது. பந்து மெதுவாக வந்து மேலே எழும்பும் தரை அது. ரமேஷின் தாழ்வாகச் சறுக்கும் பந்துக்கு அங்கே வேலையில்லை. 5-0 என்று தோற்றோம். தரவரிசையில் அவர் எட்டிய உயரம் 23. வேகமான சர்வீஸ் ஒன்று இருந்திருந்தால் முதல் பத்துக்குள் வந்திருப்பாரோ என்று எனக்கும் தோன்றியதுண்டு. அப்புறம், மட்டைகள் மாறிவிட்டன, மட்டையில் கட்டும் நரம்புகள் மாறிவிட்டன, இன்று மெதுவான இரண்டாவது சர்வீஸ் போட்டால் திருப்பி அடித்தே முடித்துவிடுவார்கள். எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் சர்வீஸ் வேகத்தைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். தோள் வளரும், உயரம் கூடும். பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிகிற கண்ணை 18 வயதில் கொண்டுவந்து பொருத்த முடியுமா?

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இளைஞர் லியாண்டர் பயஸோடு இரட்டையர் காலிறுதி வரை போய்விட்டு, அடுத்த ஆண்டு ரமேஷ் ஓய்வு பெற்றார். இன்னொரு இந்திய டென்னிஸ் வீரரான விஜய் அமிர்தராஜைப் போல சினிமா, டிவி வர்ணனை என்று போகவில்லை. பத்மஸ்ரீ வந்தது, டேவிஸ் கோப்பை அணிக்கு ஆடாத கேப்டனாகவும் இருந்தார். சென்னையில் அப்பாவோடு சேர்ந்து பயிற்சி மையம் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். உங்கள் தொழில்தான். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

நான் கேட்பது சின்ன விஷயம். ரேடாரை வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் வருகிற பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நிறுத்தி, ஆளுக்கு இரண்டு கேம் ஆடவிடுங்கள். யார் பந்தைத் துரத்துகிறார்கள், யார் பந்து வருமுன்பே அங்கே போய் நிற்கிறார்கள் என்று நோட்டில் ஒரு பத்தி சேர்த்துக் குறியுங்கள். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகும். நாங்கள் வெளியே நிழலில் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தேர்வில் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பிள்ளையின் அப்பா